மரிஸ்மா என்பது ஊர் அல்ல

அக்டோபர் 10, 2023, செவ்வாய் – செவில்

முப்பத்தோர் ஆண்டுகள் பிழை திருத்துநராக வேலை பார்த்தவன் நான். சந்திப் பிழை என் கண்ணிலிருந்து தப்பியது அபூர்வம். ஆனால் பறவைகளைப் பற்றிய ஒரு சிறுவர் நூலில் இப்படி ஒரு வரியை விட்டுவிட்டேன்: “ஸ்பெயினில் மரிஸ்மா என்னும் ஊரில் பூநாரைகள் கூட்டங்கூட்டமாக வாழ்கின்றன.” ஒற்று, புள்ளி எல்லாம் சரியாகத்தான் இருந்தன. புத்தகம் வெளிவந்து இரண்டு மாதம் கழித்துப் பள்ளி மாணவி ஒருத்தியிடமிருந்து அஞ்சலட்டை வந்தது. “ஐயா, வரைபடத்தில் அப்படி ஓர் ஊர் இல்லையே?” அகராதியைப் புரட்டிய பிறகுதான் அது ஊரே அல்ல, ஒரு வகை நிலம் என்று தெரிந்தது. அந்த அஞ்சலட்டைக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை.

இப்போது பணி ஓய்வு. அக்காள் மகள் செவில் நகரில் வேலையில் இருக்கிறாள். “வந்து பத்து நாள் இருங்கள் மாமா” என்றாள். மற்றவர்கள் இங்கே தேவாலயம் பார்க்க வருகிறார்கள். நான் ஒரு சொல்லைப் பார்க்க வந்திருக்கிறேன்.

கிளம்பும்போது மனைவி ஒரு நிபந்தனை போட்டாள்: புரட்டாசி முடியும்வரை அசைவம் கூடாது. “கண்காணாத இடம்தானே என்று நினைக்காதீர்கள், பெருமாளுக்கு எல்லா இடமும் ஒன்றுதான்” என்றாள். இன்று புரட்டாசி 23.

அக்டோபரில் குளிரும் என்று கம்பளிச் சட்டை கொண்டுவந்திருந்தேன். எதிரே மருந்துக்கடையின் பச்சைச் சிலுவை விளக்கு 36 டிகிரி என்று காட்டிக்கொண்டிருக்கிறது. காலை எட்டு மணிக்கு இன்னும் இருட்டு; மாலை ஐந்துக்கு உச்சி வெயில். வெயிலுக்கே கடிகாரம் கெட்டுவிட்டது போல் இருக்கிறது. காலையுணவு, சுட்ட ரொட்டியில் அரைத்த தக்காளியும் ஆலிவ் எண்ணெயும். காப்பியோடு 3 யூரோ 20 காசு, ஏறக்குறைய 280 ரூபாய். தக்காளியைக் கண்டு இவ்வளவு மகிழ்ந்தது இதுவே முதல் முறை.

மதியம் முதல் விபத்து. உணவகப் பணியாளரிடம் எனக்குத் தெரிந்த அரைகுறை ஸ்பானிய மொழியில் “மரிஸ்மா... எங்கே?” என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்தது. உள்ளே போய் ஒரு தட்டு நிறைய இறாலையும் சிப்பியையும் கொண்டுவந்து காட்டினார். மரிஸ்கோ என்றால் ஓட்டுடலிக் கடலுணவு. நான் பதறிக் கையெடுத்துக் கும்பிட்டதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு அவரும் பதிலுக்குக் கும்பிட்டார். பிறகு பசலைக் கீரையும் கொண்டைக்கடலையும் சீரகத்தோடு கலந்த ஒரு பதார்த்தம் வந்தது. செவில்காரர்களின் சொந்த உணவாம். நம் வீட்டுக் கூட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி.

இரவு அக்காள் மகளின் அலுவலகத் தோழி வந்திருந்தாள். பார்சலோனாவுக்கு வடக்கே உள்ள மத்தாரோ நகரத்துக்காரி. என் பைத்தியத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டு, “எங்கள் வட்டாரத்தின் பெயரே மரேஸ்மே” என்றாள். மரிஸ்மாவின் கத்தலான் உடன்பிறப்பு. அங்கே சேறு இருக்கிறதா என்றேன். “கடற்கரை, மலை, ரயில்பாதை. சேறு ஏது?”

விஷயம் இதுதான். லத்தீனில் ‘மாரிதிமா’ என்றால் கடல் சார்ந்தது, கடலை ஒட்டியது. வாய் வழியாகப் புழங்கிப் புழங்கி, நடுவிலிருந்த இகரம் விழுந்து, தகரம் ஸகரமாகி, அது ஸ்பானிய மொழியில் மரிஸ்மா ஆயிற்று. இத்தாலியின் தஸ்கனிக் கரையில் அதே சொல் மரெம்மா. பின்னாளில் படித்தவர்கள் அந்த லத்தீன் சொல்லை ஏட்டிலிருந்து இன்னொரு முறை எடுத்து ‘மரீத்திமோ’ என்று வைத்துக்கொண்டார்கள். நம்மிடம் ஆக்ஞையும் இருக்கிறது, ஆணையும் இருக்கிறது அல்லவா, அதே கதை. படித்த சொல் கடலோடு நின்றுவிட்டது. படிக்காத சொல் சேற்றில் இறங்கியது. ஸ்பானிய அகாதெமி அகராதி மரிஸ்மாவுக்குத் தரும் பொருள், கடல்நீர் புகுந்து மூடும் தாழ்வான சதுப்பு நிலம். மத்தாரோவிலோ சேற்றை உதறிவிட்டு அந்தச் சொல் கடற்கரையிலேயே காய்ந்துகொண்டிருக்கிறது.

ஆங்கிலத்தின் மார்ஷ் இதிலிருந்து வந்ததா என்று அக்காள் மகள் கேட்டாள். இல்லை. அது ஜெர்மானியக் குடும்பத்துச் சொல். ஆனால் அதன் அடியிலும் கடல், ஏரியைக் குறிக்கும் ஒரு பழைய வேர் இருக்கிறது. லத்தீனின் ‘மாரே’யும் அதே வேர். பங்காளிகள் அல்ல, ஆனால் பூட்டன் ஒருவரே.

அக்டோபர் 11, புதன் – இஸ்லா மயோர்

அக்காள் மகள் விடுப்பு எடுத்துக் காரில் அழைத்துப்போனாள். செவிலுக்குத் தெற்கே நாற்பது கிலோமீட்டர். குவாடல்கிவிர் ஆற்றின் மரிஸ்மாக்கள் இங்கேதான் தொடங்குகின்றன. ஸ்பெயினிலேயே அதிகம் நெல் விளையும் மாகாணம் செவில். மொத்தம் சுமார் 37,000 ஹெக்டேர். தஞ்சாவூர்க்காரன் என்பதால் வழியெல்லாம் அளந்துகொண்டே வந்தேன். அக்டோபர் என்றால் அறுவடைக் காலம். பொன்னிற வயல் என்று ஏதேதோ கற்பனை.

ஒரு கதிர் இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் சாம்பல் நிற மண். அதில் சதுரம் சதுரமாக வரப்பு மட்டும் இருக்கிறது. வறட்சி. அணைகளில் நீர் இல்லாததால் இந்த ஆண்டு விதைக்கவே இல்லையாம். காரை நிறுத்தி இறங்கினேன். புழுதி முழங்கால்வரை ஏறியது. வாய்க்காலின் அடியில் எஞ்சிய குட்டையில் அரிவாள் மூக்கன்கள் நாலைந்து எதையோ தேடிக்கொண்டிருந்தன. “மாமா, முகத்தை இப்படி வைத்துக்கொள்ளாதீர்கள், இது உங்கள் வயல் இல்லை” என்றாள் அக்காள் மகள். ஆனாலும்.

இஸ்லா மயோர் என்றால் பெரிய தீவு. பக்கத்திலேயே இஸ்லா மெனோர், இஸ்லா மீனிமா: சிறிய தீவு, மிகச் சிறிய தீவு. ஆறு பல கிளைகளாகப் பிரிந்து ஓடிய காலத்தில் இடையில் அகப்பட்ட நிலங்கள் இவை. பிறகு கப்பல் போவதற்காக ஆற்றை வெட்டி நேராக்கினார்கள், கிளைகள் தூர்ந்தன. தீவு என்ற பெயர் மட்டும் தண்ணீர் இல்லாமல் நிற்கிறது. ஊருக்கு முன்பு வேறு பெயர், வில்யாபிராங்கோ டெல் குவாடல்கிவிர். 2000இல்தான் தீவின் பெயரையே மறுபடி சூட்டிக்கொண்டது. குவாடல்கிவிர் என்பதும் அரபுச் சொல்தான்: அல்வாதி அல்கபீர், பெரிய ஆறு. பெரிய ஆறு, பெரிய தீவு என்று பெயரில் ஒன்றும் குறைவில்லை.

உணவகத்தில் பக்கத்து மேசைப் பெரியவர் ஒருவர், நான் கேட்காமலே எனக்கு எண்ணெய்ப் புட்டியை நகர்த்திவைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். அவருடைய தாத்தா வலென்சியாவிலிருந்து வந்தவர். உள்நாட்டுப் போரில் வலென்சியா எதிரணியின் கையில் இருந்ததால் படைத்தலைவர் பிராங்கோவின் பக்கத்தில் அரிசிக்குத் தட்டுப்பாடு. அப்போதுதான், 1937 வாக்கில், இங்கே நெல் சாகுபடி பெருகியது. வலென்சியாவிலிருந்து நெல் தெரிந்த குடும்பங்கள் தொடர்ந்து வந்து குடியேறின. “எங்கள் தாத்தா ஊரில் இதை மர்ஹால் என்பார்கள்” என்றார் அவர், சன்னலுக்கு வெளியே கையைக் காட்டி. மர்ஹால் அரபிலிருந்து வந்தது. அங்கே ‘மர்ஜ்’ என்றால் புல்வெளி. ஒரே மாதிரி ஈர நிலத்தைக் கண்டு ஒரு மொழி கடலை நினைத்தது, இன்னொரு மொழி புல்லை நினைத்தது. பாலைக்குப் பழகிய கண் பச்சையைத்தானே முதலில் பார்க்கும் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதோடு சரி.

அவர் பேசும்போது இன்னொன்றைக் கவனித்தேன். அவர் வாயில் அது மரிஸ்மா இல்லை. மரிஹ்மா. தென் ஸ்பெயினின் ஆண்டலூசியர்கள் அசைக் கடையில் வரும் ஸகரத்தைக் காற்றாக ஊதிவிடுகிறார்கள். லத்தீனில் இருந்த தகரம் ஸகரமாகி, ஸகரம் இப்போது மூச்சாகிக்கொண்டிருக்கிறது. இன்னும் இரண்டு தலைமுறையில் அதுவும் இருக்குமோ என்னவோ. பிழை திருத்துநருக்கு இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது கடினம்.

சாப்பாடுதான் சோகம். அரிசி ஊரில் எனக்கு அரிசி கிடைக்கவில்லை. வாத்தோடு அரிசி, 14 யூரோ. செந்நண்டோடு அரிசி, அதுவும் 14 யூரோ. அந்த நண்டு 1974இல் அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட நன்னீர் இனம். வரப்பைத் துளைத்துப் பெருகிப்போய், இப்போது அதையே பிடித்து ஏற்றுமதி செய்து பிழைக்கிறார்கள். வெறும் சோறு கிடைக்குமா என்று அக்காள் மகள் கேட்டாள். பணிப்பெண், யாரோ நோயாளி என்று நினைத்து வருத்தத்தோடு என்னைப் பார்த்தாள். கடைசியில் ‘காய்கறி’ சாண்ட்விச் என்று ஒன்று வந்தது. பிரித்தால் உள்ளே சூரை மீன். இந்த நாட்டில் சூரை ஒரு காய் போலிருக்கிறது. ரொட்டியை மட்டும் தின்றேன். மீனைத் தொட்ட ரொட்டி. மனைவியிடம் சொல்லவில்லை, இதை அவள் படிக்கமாட்டாள் என்று நம்புகிறேன்.

அக்டோபர் 12, வியாழன் – எல் ரோசியோ

தேசிய விடுமுறை என்பது எங்களுக்கு நினைவே இல்லை. செவிலில் பாதிப் பேர் எங்களுக்கு முன்னாலேயே இங்கே வந்துவிட்டார்கள். கார் நிறுத்த இடம் தேடி நாற்பது நிமிடம். ஆனால் ஊரைப் பார்த்ததும் கோபம் போய்விட்டது. தெருக்களில் தார் இல்லை, வெறும் மணல். எல்லா வீட்டு வாசலிலும் குதிரை கட்ட மரச் சட்டம். குடிக்கிறவர்கள் குதிரையிலிருந்து இறங்காமலே குடிக்க வசதியாக உயரமான மேசைகள். என் செருப்புக்குள் மணல் புகுந்து புகுந்து, வேதாரண்யத்தில் பெண் பார்க்கப் போன நாள் நினைவுக்கு வந்தது.

வெள்ளைச் சுண்ணாம்புக் கோயிலுக்குள் மாதா. ரோசியோ என்றால் பனித்துளி. மக்கள் இவரை ‘மரிஸ்மாக்களின் அரசி’ என்றும் அழைக்கிறார்கள். பெந்தெகொஸ்தே நாளையொட்டிப் பல லட்சம் பேர் நடந்தும் வண்டி கட்டியும் வருவார்களாம். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மாள் ஒருவர் மெழுகுவத்தி இரண்டு வாங்கி, ஒன்றை என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். காசு கொடுக்க ஓடினேன். கையை அசைத்து மறுத்துவிட்டார்.

கோயிலுக்கு எதிரேதான் அந்தப் புகழ்பெற்ற நீர்ப்பரப்பு. பூநாரைகள் நிற்கும், படங்களில் வரும், நான் இத்தனை தூரம் வந்ததற்குக் காரணமான மரிஸ்மா. படித்துறைச் சுவரில் ஏறி எட்டிப் பார்த்தேன்.

வெடித்த களிமண். நடுவில் குதிரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. பூநாரை ஒன்றுகூட இல்லை.

சுவரில் சாய்ந்து புகைத்துக்கொண்டிருந்த குதிரைவண்டிக்காரர் ஒருவர் என் முகத்தைப் பார்த்து, “இது மரிஹ்மாதான், தூங்குகிறது” என்றார். மழை வந்தால் நவம்பரிலோ டிசம்பரிலோ எழுந்துகொள்ளுமாம். கடைசியாக நன்றாக எழுந்தது எப்போது என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் குதிரையைத் தட்டிக்கொடுத்தார். இந்த டொன்யானா காட்டில் வற்றாமல் இருந்த பெரிய குளம், சாந்தா ஒலாயா, சென்ற ஆண்டும் வற்றியது, இந்த ஆண்டும் வற்றியது. வருகிற வழியில் ஸ்ட்ராபெரி பயிரிட்ட பிளாஸ்டிக் கூடாரங்கள் கடல் மாதிரி மின்னின. எல்லாம் நிலத்தடி நீர். அளவுக்கு மீறி உறிஞ்சுவதைத் தடுக்கவில்லை என்று 2021இல் ஐரோப்பிய நீதிமன்றமே ஸ்பெயினுக்கு எதிராகத் தீர்ப்பு எழுதிவிட்டது. 1969இலிருந்து தேசியப் பூங்கா, 1994இலிருந்து உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவிப்புப் பலகையில் பட்டங்கள் நிறைய இருந்தன.

சொற்களை மட்டும் வண்டிக்காரர் தாராளமாகக் கொடுத்தார். கைப்பிரம்பால் மணலில் கோடு போட்டே விளக்கினார். நீர் ஓடும் கால் கான்யோ. வெள்ளத்திலும் தலை காட்டும் மேடு வேத்தா. மற்ற இடமெல்லாம் வடிந்த பிறகும் நீர் தங்கும் பள்ளம் லூசியோ. இந்த லூசியோ, லத்தீனில் ‘பளபளப்பானது’ என்ற பொருளுடைய சொல்லிலிருந்து வந்தது. வற்றிய நிலத்தில் தூரத்தில் மின்னுவது எதுவோ அதுதான் தண்ணீர். பெயர் வைத்தவன் கண்ணால் வைத்திருக்கிறான். எதிரே இருக்கிற இந்த வறண்ட நீர்வழியின் பெயர், மரிஸ்மாக்களின் ‘மாத்ரே’. அம்மா என்று நான் உருகினேன். அக்காள் மகள் திருத்தினாள்: “மாமா, மாத்ரே என்றால் ஆற்றுப் படுகை என்றும் பொருள். ஆறு கரைபுரண்டால் மாத்ரேயை விட்டு வெளியேறியது என்பார்கள்.”

ஒரு கணக்கு இடிக்கிறது. அகராதியின்படி மரிஸ்மாவில் கடல்நீர் புக வேண்டும். டொன்யானாவின் மரிஸ்மா இப்போது பெரும்பாலும் மழைநீரும் ஓடைநீரும்தான். கடலுக்கும் அதற்கும் நடுவே மணல்மேடும் ஆற்றங்கரை மேடும் நிற்கின்றன. ஆக, பெயரில் கடல், நிலத்தில் மழை. இந்த ஆண்டு அதுவும் இல்லை.

இரவு வறுத்த கத்தரிக்காயில் கரும்புப்பாகு ஊற்றித் தந்தார்கள். இதை எப்படி நம்மவர்கள் யோசிக்காமல் விட்டார்கள்?

அக்டோபர் 13, வெள்ளி – லெப்ரிஹா

தனியாக ரயிலில். அக்காள் மகள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். “தொலைந்துபோனால் நின்ற இடத்திலேயே நில்லுங்கள்” என்று எச்சரித்து அனுப்பினாள்.

மரிஸ்மாவின் விளிம்பில் மேட்டில் நிற்கும் ஊர் இது. ஆனால் நான் வந்தது ஒரு சக தொழிலாளியைப் பார்க்க. அந்தோனியோ டி நெப்ரிஹா, இந்த ஊரில் 15ஆம் நூற்றாண்டில் பிறந்தவர். ஊர்ப்பெயரே அவர் பெயர். 1492இல் காஸ்டிலிய மொழிக்கு, அதாவது ஸ்பானிய மொழிக்கு, இலக்கணம் எழுதி அச்சிட்டார். அதுவரை இலக்கணம் என்றால் லத்தீனுக்குத்தான், வீட்டுப் பேச்சுக்கு எதற்கு என்று இருந்தார்கள். மாரிதிமாவுக்கு இலக்கணம் உண்டு; மரிஸ்மாவுக்கும் உண்டு என்று சொன்னவர் அவர். மூக்கை நீட்டிக்கொண்டு மாணவர்களின் கட்டுரையைத் திருத்தியிருப்பார் என்று எனக்கு ஓர் எண்ணம். ஊர்க்காரர்கள் அவரைச் சிலையாக்கிச் சதுக்கத்தில் வைத்திருக்கிறார்கள். பையன்கள் இருவர் அடித்த பந்து அவர் காலடிவரை உருண்டு போய் நின்றது. எடுத்துக் கொடுத்தேன். நன்றி சொன்ன “கிராசியாஸ்” என்பதில் கடைசி ஸகரம் இல்லை. ஐயா, உங்கள் ஊரிலேயே ஒற்று விழுகிறது.

மேட்டிலுள்ள மாதா கோயில் ஒரு காலத்தில் மசூதி இருந்த இடம். உள்ளே குதிரை லாட வளைவுகள் இன்னும் நிற்கின்றன. அதன் கோபுரம் செவில் கோபுரத்தின் தம்பி போல் இருக்கிறது. அங்கிருந்து மேற்கே பார்த்தால் ஒரே சமதரை. பஞ்சு வெடித்த பருத்தி வயல்கள், தக்காளி எடுத்த வயல்கள். வெயில் நீரோட்டம் போல் நடுங்குகிறது.

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கே நின்றிருந்தால் காலடியில் தண்ணீர் அடித்திருக்கும். அப்போது இந்தச் சமதரை முழுக்க லிகுஸ்தினஸ் என்ற உப்பங்கழி. கிரேக்க நிலவியலாளர் ஸ்ட்ரேபோ, ஓதம் ஏறும்போது நிலத்துப் பள்ளங்கள் நிரம்பி, அவற்றின் வழியே ஆற்றில் போவது போல் உள்நாட்டு ஊர்களுக்குப் படகில் போகலாம் என்று எழுதி, இந்த ஊரையும் நப்ரிஸ்ஸா என்று பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். 4ஆம் நூற்றாண்டில் அவியேனஸ் என்ற லத்தீன் கவிஞரும் அந்த ஏரியைச் சொல்கிறார். அவர் செய்யுளின் தலைப்பைப் பாருங்கள்: ‘ஓரா மாரிதிமா’, கடலின் விளிம்பு. நம் சொல் பிறந்த வீடு! லத்தீன் ஓராவும் நம் ஓரமும் ஒன்று என்று துள்ளிக் குதித்துக் கட்டுரை எழுதுபவர்களை நான் அறிவேன். அவர்கள் புத்தகங்களையும் திருத்தியிருக்கிறேன். தற்செயலான ஒலி ஒற்றுமை. நான் குதிக்கவில்லை. கொஞ்சம் குதிகால் மட்டும் எழும்பியது.

பிறகு ஆறு வண்டல் கொண்டுவந்து கொட்டிக் கொட்டி ஏரியைத் தூர்த்தது. சேறு ஆயிற்று, மேய்ச்சல் நிலம் ஆயிற்று. 20ஆம் நூற்றாண்டில் வடிகால் வெட்டி, மண்ணிலிருந்து உப்பைக் கழுவி, வயலாக்கினார்கள். தேநீர்க் கடையில் எதிரில் உட்கார்ந்த விவசாயி, எங்கே நிலம் என்று கேட்டால் இன்றைக்கும் “மரிஹ்மாவில்” என்றுதான் சொல்கிறார். அவர் நிலத்தில் பருத்தி. கடல் எப்போதோ கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டது. பட்டாவில் இன்னும் அதன் பெயர் இருக்கிறது.

திரும்பும்போது ரயில் ஐம்பது நிமிடம் தாமதம். நடைமேடையில் நிழல் ஒரு தூணுக்கு மட்டும். அதில் நானும் ஒரு நாயும் பங்கு போட்டுக்கொண்டோம்.

அக்டோபர் 14, சனி – சான் பெர்னாண்டோ

மகாளய அமாவாசை. மனைவி விடிகாலையிலேயே தொலைபேசியில் எழுப்பினாள். எள்ளும் தண்ணீருமாவது இறைக்கச் சொன்னாள். ரொட்டிக்குத் தூவ அக்காள் மகள் வாங்கிவைத்த எள் இருந்தது. குளியலறைத் தொட்டியில் இறைத்தேன். முன்னோர்கள் வழி கண்டுபிடித்திருப்பார்கள்.

காதிஸ் பக்கம் போகும் ரயிலில் சிலே நாட்டு மாணவி ஒருத்தி அருகில் உட்கார்ந்தாள். ஆரஞ்சை உரித்துப் பாதியைக் கேட்காமலே தந்தாள். அக்காள் மகள் எழுதிக்கொடுத்த சொற்பட்டியலைப் படித்துப் பார்த்தவள் ‘எஸ்தேரோ’வில் நின்றாள். அகராதியில் அது கழிமுகம், ஓதநீர் புகும் இடம். “எங்கள் ஊரில் எஸ்தேரோ மலையிலிருந்து இறங்கும் ஓடை. தொட்டால் கை விறைக்கும்” என்றாள். அர்ஜென்டினாவில் இபெரா எஸ்தேரோக்கள் என்று கடலுக்குச் சம்பந்தமே இல்லாத நன்னீர்ச் சதுப்பு உண்டு. மெக்சிகோவின் பசிபிக் கரையில் ‘மரிஸ்மாஸ் நாசியோனாலெஸ்’ என்றால் அலையாத்திக் காடு. கப்பலில் போன சொற்கள். இறங்கிய இடத்தில் கிடைத்த ஈரத்தில் உட்கார்ந்துகொண்டன.

எஸ்தேரோவின் தாய்ச்சொல்லில் இருக்கும் லத்தீன் ‘ஈஸ்டஸ்’ வெப்பத்தையும் குறிக்கும், கொதிப்பையும் குறிக்கும், கடல் ஓதத்தையும் குறிக்கும். பொங்குவது எல்லாம் ஒன்று போலிருக்கிறது. நம் ஓதம் மட்டும் குறைந்ததா? கடலில் ஏறினால் ஓதம், சுவரில் ஏறினாலும் ஓதம்.

விடுதிக்காரர் வரவேற்பு மேசைக்குப் பின்னால் ஓத அட்டவணையை ஆணியடித்து மாட்டியிருக்கிறார். நாளை காலை பத்து மணியளவில் வற்றம், பிற்பகல் நான்கு மணியளவில் ஏற்றம். அமாவாசையை ஒட்டி வருவதால் பெரிய ஓதம். விரலால் தொட்டுக் காட்டி, “நல்ல நாளில் வந்திருக்கிறீர்கள்” என்றார். என் மனைவி கேட்டிருந்தால் அவரைத் தம்பி என்று கூப்பிட்டிருப்பாள்.

அக்டோபர் 15, ஞாயிறு – சான் பெர்னாண்டோ

‘மூன்று நண்பர்கள்’ என்பது ஒரு பழைய உப்பளத்தின் பெயர். அதை ஒட்டி அரில்யோ ஆறு வரை நடைபாதை போட்டிருக்கிறார்கள். காலை ஒன்பதரைக்கே போய்விட்டேன்.

வந்ததே வந்தது, அந்த வாடை. உப்பும் பாசியும் அழுகலும் சேர்ந்த கழி வாடை. ஐந்து நாளாக எந்த மரிஸ்மாவிலும் இல்லாத வாடை. கால்வாய்கள் எல்லாம் வற்றி, அடியில் கறுப்புச் சேறு எண்ணெய் தடவியது போல் மின்னிக்கொண்டிருந்தது. அதில் ஆயிரம் சின்னத் துளைகள், ஒவ்வொன்றும் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. தூரத்தில், கைவிடப்பட்ட பாத்திகளுக்கு நடுவே, தலையைத் தண்ணீருக்குள் கவிழ்த்துக்கொண்டு இருபது இருபத்தைந்து பூநாரைகள். வெளிறிய இளஞ்சிவப்பு. எழுந்து பறக்கும்போதுதான் இறக்கைக்குள் ஒளித்துவைத்த சிவப்பும் கறுப்பும் தெரிந்தன. அந்த மாணவிக்கு எழுத வேண்டிய பதிலின் முதல் வரி கிடைத்துவிட்டது.

உப்பளத்தின் கணக்கு எளிது. பெரிய ஓதத்தின்போது மதகைத் திறந்து கடல்நீரை முதல் தேக்கத்துக்குள் விடுவார்கள். அந்தத் தேக்கத்துக்கு இங்கே எஸ்தேரோ என்று பெயர். அங்கிருந்து ஆழம் குறைந்த அடுத்த தேக்கம். அதன் பெயர் லூசியோ! வண்டிக்காரரின் லூசியோ இங்கே வேலைக்குச் சேர்ந்திருக்கிறது. பிறகு வளைந்து வளைந்து வெயிலில் காய்ந்து, கடைசிப் பாத்தியில் உப்பாகும். எஸ்தேரோவில் நீரோடு வந்த மீன்குஞ்சுகள் அங்கேயே வளர, இலையுதிர் காலத்தில் நீரை வடித்து வலை போட்டு அள்ளுவதும் உண்டு. குளிர்ப்பெட்டி வந்த பிறகு மீனுக்கு உப்பு போடும் தேவை குறைந்து, பல உப்பளங்கள் மூடிக்கொண்டன. வரப்புகள் உடைந்து, ஓதம் தன் இஷ்டத்துக்கு வந்துபோகிறது. ஆக, இப்போது இவை மறுபடி மரிஸ்மா.

வரப்பில் கணுக்கணுவாக, சதைப்பற்றோடு, பச்சையும் சிவப்புமாக ஒரு செடி. நேற்று இரவு இதே செடியின் இளந்தண்டைத்தான் பூண்டோடு வதக்கி, கடல் அஸ்பராகஸ் என்று பெயர் சொல்லி, 9 யூரோ வாங்கினார்கள். அக்காள் மகள் தொலைபேசியில் “பக்கத்து மேசையில் இறால் அடை சாப்பிட்டிருப்பார்களே, வாசனை எப்படி மாமா?” என்று வெறுப்பேற்றினாள். செடியைப் படமெடுத்து வேதாரண்யத்துக்காரிக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது: “இது உமரி. எங்கள் ஊர் அளத்து வரப்பில் சும்மா கிடக்கும். இதற்கு எண்ணூறு ரூபாய் கொடுத்தீர்களா?”

அந்த அதிர்ச்சியில்தான் வழுக்கினேன் என்று சொல்லலாம். பாதையை விட்டு இரண்டடி இறங்கியதும் வலது கால் முழங்கால்வரை உள்ளே போய்விட்டது. கால் வந்தது, செருப்பு வரவில்லை. சேற்றுக்குள் தூண்டிலுக்குப் புழு தோண்டிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் வாளியோடு அவசரமே இல்லாமல் நடந்து வந்தார். அவர் கால் மட்டும் எப்படிப் புதையவில்லை என்று தெரியவில்லை. மண்வெட்டியை விட்டுத் துழாவினார். செருப்புக்குப் பதில் ஒரு சிப்பி வந்தது. அதை வாளியில் போட்டுக்கொண்டார். தோளைக் குலுக்கினார்.

பேச்சுக் கொடுத்தேன். ஐந்து நாளாகத் தேடியது காலடியில் இருக்கிறது. அகராதியில் உள்ளபடி தாழ்வான, சேறான, கடல்நீர் புகும் நிலம். அதை இந்த மண்ணின் மனிதர் வாயால் கேட்டுவிட வேண்டும் என்று ஆசை. கையை விரித்துச் சுற்றிக் காட்டி, “இதன் பெயர் என்ன?” என்று கேட்டேன்.

அவர் என் காலைப் பார்த்தார், செருப்பு புதைந்த குழியைப் பார்த்தார். “பாங்கோ” என்றார். சேறு.

மரிஸ்மா இல்லையா என்றேன். “மரிஹ்மா, தாளில்.”

நண்பகல் வாக்கில் தண்ணீர் வர ஆரம்பித்தது. முதலில் சத்தம்தான், துளைகள் ஒவ்வொன்றாக அடைபடும் சின்னச் சின்னக் களுக். பிறகு கால்வாயின் நடுவில் விரல் அகலத்துக்கு ஒரு நீர்க்கோடு உள்நோக்கி ஓடியது. அரை மணியில் முழங்கால் ஆழம். உமரிச் செடிகள் ஒவ்வொன்றாக மூழ்கின. என் செருப்பு எங்கே கிடந்ததோ அந்த இடத்தின் மேல் ஒரு நாரை நீந்திப் போனது. நாரை நீந்துமா என்று கேட்காதீர்கள். பூநாரை நீந்தும், பார்த்தேன்.

மாணவிக்கான பதிலை நடந்துகொண்டே மனத்துக்குள் எழுதிப் பார்த்தேன். “மரிஸ்மா என்பது ஊர் அல்ல” வரை சரியாக வருகிறது. அடுத்து, ‘சதுப்பு நிலம்’ என்றால் கடல் போய்விடுகிறது. ‘உப்பங்கழி’ என்றால் எல் ரோசியோக் குதிரைகளும் லெப்ரிஹாப் பருத்தியும் போய்விடுகின்றன. ‘கழி’ என்று மட்டும் எழுதினால் இந்தக் காலத்துப் பிள்ளைக்குக் கம்பு என்று படும். தொலைபேசியில் மனைவியிடம் கேட்டேன். “முதலில் இந்த வரியில் ஊர் என்பதை அடியுங்கள்” என்றாள்.

நிலையத்துக்கு ஒன்றரைக் கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை, ஒரு செருப்புக்கடையும் திறக்கவில்லை. வலது காலில் சேறு காய்ந்து வெள்ளைப் பூத்திருந்தது. ரயிலில் எதிர் இருக்கைக் குழந்தை அதையே பார்த்துக்கொண்டு வந்தது.